முலாம் தொட்டியில் ஊற்றிய நல்ல தண்ணீர்

அன்றைக்கு என் கணவரிடம் கேட்காமல் அந்தத் தண்ணீரை ஏன் ஊற்றினேன்?

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் ஒரு வருஷம்தான் ஆகிறது. மரக்காணத்தில் எங்கள் வீட்டுக் கிணறு முழுக்க உப்பாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, என் கணவர் பித்தளைக் குங்குமச் சிமிழ்களுக்கு நிக்கல் முலாம் பூசிக்கொண்டிருந்தார். முலாம் தொட்டி சூடாகவே இருக்கும். தினமும் மட்டம் குறையும். காலையில் அவர் வருவதற்குள் அதை நிரப்புவது என் வேலை. பேட்டரிக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் திண்டிவனத்திலிருந்து அந்தத் தண்ணீர் கேன் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். கேன் வரவில்லை என்று அவரிடம் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார், கல்யாண ஆர்டர் தவறிவிடும் என்று பயந்தேன். இப்போது யோசித்தால் அதுவும் சாக்காகத்தான் தெரிகிறது.

எங்கள் ஊர்ப் பெண்கள் எந்தத் தண்ணீரையும் முதலில் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். கரிக்கவில்லை என்றால் நல்ல தண்ணீர். பெருமுக்கல் பக்கமிருந்து டிராக்டரில் வந்த தண்ணீர் அப்படி இனித்தது. குழந்தைக்கே அதைத்தான் காய்ச்சிக் கொடுத்தேன். நான்கு நாள் தொட்டியிலும் அதையே ஊற்றினேன்.

சிமிழ்கள் மணல் ஒட்டியதுபோலச் சொரசொரவென்று வந்தன. பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒன்றை விரலால் தடவினார்.

"ஏம்பா, குங்குமம் வைக்கக் கேட்டா, தேங்கா துருவறதுக்குச் செஞ்சிருக்கியே?"

மொத்தத்தையும் திருப்பிவிட்டார். எங்களுக்கு வேறு கடை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பேட்டரி தண்ணிதானே ஊத்தின?"

"ஆமாங்க."

"அப்ப என் கைதான் சரியில்ல. விடு, இது நமக்கு வராத தொழில்."

சில நாள் கழித்து, குழந்தைக்கு வெந்நீர் வைக்கும் பாத்திரத்தைத் தேய்த்தேன். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. கடின நீர். பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கிய பாடம். சூட்டில் பிரிந்து முலாமோடு ஒட்டியதும் இதுதானே?

அதற்குள் அவர் கோட்டக்குப்பத்து ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தார். குவைத்தில் மூட்டை தூக்கும் வேலை. தொட்டியையும் விற்கப் பேசிவிட்டார். தன் கையைப் பழித்துக்கொண்டே கிளம்பப் போகிறார்.

உண்மையைச் சொன்னால் நின்றுவிடுவாரா? இல்லை, என்மேல் இருந்த நம்பிக்கையும் போய், அந்தக் கசப்போடு போவாரா? விசா எந்த நாளும் வரலாம். நான் சொல்லிவிடட்டுமா, வேண்டாமா? இதைப் படிக்கிறவர்கள் யாராவது, தயவுசெய்து, எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.