சஹனில் தீர்ந்த கணக்கு

போன வருடம் கல்முனையில் என் சாச்சியின் மகளுக்குக் கல்யாணம். நான் பொறியியல் இறுதியாண்டு. மறுநாள் என் ஆய்வை விரிவுரையாளர்கள் முன் கணினியில் ஓட்டிக் காட்ட வேண்டும், ஓடாவிட்டால் அடுத்த பெட்ச்சோடுதான் பட்டம். அதுவோ ஓடுவதாயில்லை. உம்மாவின் கரைச்சல் தாங்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

எங்கள் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. அலை மோதினால் தடுப்புச் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கணினியில் பார்ப்பதுதான் ஆய்வு. கடலை ஒரு வலையாகவும் சுவரை இன்னொரு வலையாகவும் வரைய வேண்டும். கடலுக்குப் பெரிய கண், சுவருக்குச் சின்னக் கண். இரண்டும் தொடும் இடத்தில் கடலின் ஒரு புள்ளிக்கு எதிரே சுவரில் நாலு புள்ளிகள் வரும். கடல் தள்ளும் விசையைச் சுவருக்கும், சுவரின் அசைவைக் கடலுக்கும் கைமாற்றும் கணக்கை நானே எழுதினேன். ஓட்டினால் கொங்கிரீட் சுவர் பிய்ந்து பறக்கிறது.

பெண்கள் பக்கம், சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு ஒன்றைச் சுற்றி எங்களை நாலு பேராக உட்கார்த்தினார்கள். எனக்கு எதிரே, அட்டாளைச்சேனையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மடியில் பிள்ளை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் போதும் என்றிருந்ததால், இவருக்கு எங்கே விளங்கப் போகிறது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணிதப் பட்டதாரி, அரச வேலை நியமனத்துக்குக் காத்திருப்பவர் என்று நான் கண்டேனா?

விசையையும் அசைவையும் ஒரே மாதிரியா கைமாற்றுகிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அதான் பிழை தங்கச்சி. இந்தச் சஹன்ல ஒரு கோழிதான் இரிக்கி, நாலு பேரும் பங்கு வெச்சித் திங்கிறம். ஆனா வந்து இருக்கக்குள்ள நான் சொன்ன ஸலாத்தப் பங்கு வெச்சமா? ஆளுக்கு ஆள் முழுசாத்தானே எடுத்தம். அசைவு ஸலாம் மாதிரி. விசை கோழி மாதிரி. நீங்க நாலு புள்ளிக்கும் முழுக் கோழி குடுத்திரிக்கீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியை எடுத்து வரச் சொன்னார். பிள்ளையை என் உம்மா வாங்கிக்கொண்டார். அசைவுக்கு எழுதிய தாயத்தின், அதாவது எண் கட்டத்தின், நிரைகளை நிரல்களாக்கி விசைக்குப் போட்டால் விசையின் மொத்தம் மாறாது என்று படிப்படியாக நிறுவிக் காட்டினார். இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டாரின் வேன் புறப்பட்டது. தான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அதையும் அனுப்பிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் என் சுவர் அசையாமல் நின்றது.

மறுநாள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மணப்பெண்ணிடம் அவருடைய எண்ணை வாங்கி, நன்றி சொல்ல அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே சொன்னார்.

"பட்டம் எடுத்தத்துக்குப் பொறகு என்னட்ட ஒருத்தரும் கணக்குக் கேட்டதில்ல தங்கச்சி. நீங்கதான் கேட்டீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்."

இப்போதெல்லாம் ஒரு கணக்கில் சிக்கினால் நான் தனியாக மல்லுக்கட்டுவதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். யாராவது தன்னிடம் கேட்கமாட்டார்களா என்று, அந்தப் பெண்ணைப் போல, அவரும் காத்திருக்கலாம்.