ஆர்லிஸ் பிரெக்கி கட்டிய தோட்டாக்கள்

எங்கள் வெல்டன் ஊரில் பள்ளி பஸ் ஓட்டுகிறவர் ஆர்லிஸ் பிரெக்கி. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கான பள்ளிக்கூட வருஷங்கள் அத்தனையும் அவருடைய பஸ்ஸில்தான் போயின. ரோடும் வயலும் பனியில் ஒன்றாகிப்போன காலைகளில்கூட அவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். குளிர் உள்ளே வரும். நாம்தான் வெட்கப்பட்டு ஓடிவர வேண்டும்.

"எப்படி இருக்கீங்க, மிசஸ் பிரெக்கி?" என்று கேட்டால் "மோசமில்ல" என்பார். எங்கள் வடக்கு டகோட்டாப் பக்கம் கொட்டகையே எரிந்தாலும் அதுதான் பதில். ஆனால் போன மார்ச்சுக்குப் பிறகு அவர் அதைச் சொன்னபோது, சொல் மட்டும் வந்தது, அதோடு ஆள் வரவில்லை.

மார்ச்சில் அவர் கணவர் டெல்மருக்குப் பக்கவாதம் வந்தது. தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிற இடத்திலேயே சரிந்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கை மரத்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தது. ஆர்லிஸ் ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் அழவில்லை.

"பல் டாக்டர் ஊசி போட்டப்புறம் கன்னத்தக் கடிச்சாலும் தெரியாது பாரு, அப்படி இருக்கு எனக்கு" என்றார் ஒரு நாள். "ஊசி எப்ப இறங்கும்னு காத்துட்டு இருக்கேன்."

லூத்தரன் சர்ச் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கேசரோல் கொண்டுவந்தார்கள். நூடுல்ஸும் கோழியும் காளான் சூப்பும் கலந்து ஓவனில் வேகவைத்தது. ஃப்ரீசர் நிறைந்தது. இருவரும் அதையே சூடுபண்ணிச் சாப்பிட்டார்கள். என்ன ருசி என்று கேட்டால் ஆர்லிஸுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கோடையில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் டெல்மர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சுடணும்" என்றார்.

எங்கள் துப்பாக்கி கிளப்பில் பனி விழுவதற்கு முன்னால் வரும் கடைசி ஞாயிறு, இரும்புத் தட்டுகளைக் கைத்துப்பாக்கியால் சுடும் போட்டி நடக்கும். டெல்மர் அதில் ஒரு வருஷமும் தவறியதில்லை. இப்போது இடது கையால்தான் சுட முடியும். கடைத் தோட்டாவின் உதையை அந்தக் கை தாங்காது. உதை குறைந்த, மெதுவான தோட்டா வேண்டும். வெற்று ஓட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து அதை வீட்டில்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கிளப் தலைவர் லைல் உடனே முன்வந்தார். "நான் கட்டித் தரேன்டா, டெல்மர்."

டெல்மர் தலையை ஆட்டி மறுத்தார். லைல் கோபித்துக்கொள்ளவில்லை. டெல்மர் இடத்தில் இருந்தால் அவரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். இன்னொருவர் கட்டிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக்கூடாது என்பது எங்கள் கிளப்பில் சட்டம் போல. லைலின் இடது கையில் கட்டைவிரல் பாதிதான் இருக்கிறது. இளவயதில் சிநேகிதன் கொடுத்த தோட்டாவில் மருந்து விழுந்திருக்கவில்லை. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டார். குழல் வெடித்தது. "மீதி விரல் அவன்கிட்டத்தான் இருக்கு, திருப்பித் தர மாட்டேங்கிறான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

"நான் கட்டினா?" என்று கேட்டார் ஆர்லிஸ்.

டெல்மர் மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

கராஜில் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடந்தது. தோள் வலிக்கிறது என்று, ஒவ்வொரு வேலையாகச் செய்யும் பழைய தோட்டா பிரஸ்ஸை விற்றுவிட்டு, டெல்மர் குளிர்காலத்தில் வரவழைத்த புதிய பிரஸ். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். வட்டத் தட்டில் வெற்று ஓடுகள் வரிசையாக நிற்கும். ஓர் ஓடு சரியான அளவுக்கு இறுகும்போது அடுத்ததில் பொறி கொடுக்கும் பிரைமர் ஏறும், அதற்கடுத்ததில் மருந்து விழும், இன்னொன்றில் குண்டு உட்காரும். தட்டு ஓர் இடம் நகரும். முடிந்த தோட்டா ஒன்று பக்கெட்டில் விழும்.

அதற்குள் பள்ளி திறந்துவிட்டதால், காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில்தான் ஆர்லிஸுக்கு நேரம். முதலில் பிரஸ்ஸை மேஜையில் போல்ட் போட்டு முறுக்கினார். இழுத்துப் பார்த்தால் கைப்பிடி ஃப்ரீசர் மூடியில் போய் இடித்தது. கழற்றி, தள்ளி, மறுபடி துளை போட்டார். டெல்மர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காத, டெல்."

"சிரிக்கல."

"பாதி மூஞ்சி சிரிக்குது."

"மீதி... வராது."

முதல் வாரம் ஒரே ஓர் ஓட்டைத் தனியாகத் தட்டில் ஏற்றி, சுற்று முடியும்வரை கூடவே போனார் ஆர்லிஸ். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவார். டெல்மர் இடது கையில் டார்ச் பிடித்து ஓட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். "ம்" என்றால் அடுத்த இழுப்பு. ஒரு பிரைமர் குறுக்கே ஏறி நசுங்கியது. குண்டு ஒன்று சாய்ந்து உட்கார்ந்தது. அவற்றைத் தனியே எடுத்து வைத்தார்கள். பிறகுதான் தட்டை முழுதாக நிரப்பினார்.

அது ஆர்லிஸுக்குப் பிடித்துப்போனது என்று சொல்ல முடியாது. சௌகரியமாக இருந்தது. இடது கை ஓட்டை வைத்தது, வலது கை இழுத்தது. அவர் அங்கே இருக்கத் தேவையில்லை. ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் பக்கெட் நிறைந்துகொண்டு வந்தது.

அப்படி ஒரு மதியம், டெல்மர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது, கராஜ் வாசலில் கோரின் வந்து நின்றார். சர்ச்சில் பியானோ வாசிப்பவர். கையில் மூடிய கண்ணாடிப் பாத்திரம்.

"கோழியும் காட்டரிசியும். சூடு ஆறுறதுக்குள்ள வாங்கிக்கோ."

"ஐயோ, எதுக்கு கோரின் இதெல்லாம்?"

"எதுக்கா? போன தடவை பாத்திரம் எங்க?"

கேசரோலோடு வந்தவரை வாசலில் நிற்கவைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆர்லிஸ் கைப்பிடியைப் பாதி இழுப்பில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போனார். காபி போட்டார். பழைய பாத்திரத்தைத் தேடிக் கொடுத்தார். கோரின் மருமகளைப் பற்றி நிறையச் சொன்னார், கிளம்புகிறேன் என்று எழுந்து கதவருகே நின்று இன்னும் கொஞ்சம் சொன்னார். அவர் கார் போன பிறகு ஆர்லிஸ் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்தார். பஸ் நேரம் வரும்வரை இழுத்துக்கொண்டே இருந்தார்.

மாலை டிரிப்பில், ஊருக்கு வெளியே ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில், எப்போதும்போல பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். அந்தத் தண்டவாளத்தில் ரயில் வந்து யாரும் பார்த்ததில்லை, நடுவில் கோதுமைகூட முளைத்திருக்கிறது. ஆனாலும் பள்ளி பஸ் நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"வராது மிசஸ் பிரெக்கி! ரயிலு செத்துப்போச்சு!" என்று பின்சீட்டிலிருந்து வழக்கமான கத்தல்.

கதவு திறந்தபடி இருந்தது. அப்போதுதான் ஆர்லிஸுக்கு அந்தக் கைப்பிடி ஞாபகம் வந்தது. பாதியில் விட்டபோது மருந்து விழுந்திருந்ததா, இல்லையா? திரும்பி வந்து முழுதாகத் தூக்கி இழுத்தோமா, விட்ட இடத்திலிருந்து இழுத்தோமா? அவருக்கு நினைவில்லை. ஓர் ஓட்டில் மருந்தே இல்லாமல் இருக்கலாம். இரண்டு முறை விழுந்தும் இருக்கலாம். அதுவும் மற்றவற்றோடு அதே பக்கெட்டில் கிடக்கிறது.

மறுநாள் மதியம் டெல்மரிடம் சொன்னார்.

"ஒண்ணு தப்பா இருக்கலாம், டெல்."

"எது?"

"தெரியல. கோரின் வந்தா. பாதில விட்டுட்டுப் போயிட்டேன்."

"எடை..."

"போட்டுப் பாத்தேன். பிரயோசனம் இல்ல. ஓடு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடை. மருந்து வித்தியாசம் அதுக்குள்ளயே மறைஞ்சுபோகுது."

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. தான் கட்டியதை அவர் சுடுவாரா மாட்டாரா என்பது அந்த மூடிய கண்ணில் முடிந்துவிட்டது என்றே ஆர்லிஸ் நினைத்தார். அப்படி நினைத்தபோது வருத்தம் வந்ததா என்று பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "வரணும்னு தெரிஞ்சுது" என்றார்.

கராஜுக்குப் போனார். சுவரில் தோட்டா பிரிக்கிற சுத்தியல் தொங்கியது. அதன் பிளாஸ்டிக் தலைக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் ஓங்கி அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று தலைக்குள் விழும். ஒவ்வொன்றுக்கும் சில அடிகள் வேண்டும். பக்கெட்டைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். முதலாவதை எடுத்தார்.

நங். நங். நங்.

கொஞ்ச நேரத்தில் வாக்கர் தேய்கிற சத்தம் கேட்டது. டெல்மர் வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தனையுமா?"

"எதுன்னு தெரியலையே. அப்ப அத்தனையும்தான்."

டெல்மர் இடது கையை நீட்டினார். ஆர்லிஸ் ஒரு வெள்ளைச் சாசரை அந்தக் கையில் வைத்தார். ஒவ்வொரு தோட்டாவின் மருந்தையும் அதில் கொட்டினார். டெல்மர் குனிந்து பார்த்து "ம்" என்பார். பிறகு அதை ஒரு டப்பாவில் சாய்ப்பார். அன்றோடு முடியவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் மதியம் முழுக்க அடித்தார். தபால்காரர் நின்று கேட்டார்: "வீட்டுல என்ன ஆர்லிஸ், கல்லு உடைக்கிறீங்களா?"

பக்கெட் காலியானது. எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. ஒரே அளவு. எதிலும் தப்பில்லை.

"சும்மாவே உடைச்சேன்" என்றார் ஆர்லிஸ்.

டெல்மர் காலிச் சாசரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரஸ் பக்கம் முகத்தை ஆட்டினார். "கட்டு" என்றார். "சுடுறேன்."

அந்த ஞாயிறு காற்று அதிகம். கிளப்பில் என் வேலை டைமர் பிடித்து நேரம் குறிப்பது. டெல்மர் சுடும் கோட்டுக்கு வந்தார். பக்கத்தில் லைல், விழாமல் தாங்கிக்கொள்ள. ஆர்லிஸ் பெட்டியை நீட்டினார்.

"யார் கட்டினது?" என்று லைல் கேட்டார். தெரிந்தேதான் கேட்டார்.

"என் பொண்டாட்டி" என்றார் டெல்மர், நிறுத்தாமல், ஒரே மூச்சில்.

டெல்மர் இடது கையை நீட்டிச் சுட்டார். மெலிந்த சத்தம், மண் தெறித்தது. மறுபடி மண். மறுபடியும். கடைசியில் ஒரு தட்டு டங்கென்று விழுந்தது.

"டெல்மர், உனக்கு டைமர் பத்தாதுடா, காலண்டர் கொண்டுவரணும்!" என்று லைல் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், டெல்மரின் பாதி முகமும்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அதே ஐஸ்கிரீம் பக்கெட்டை எடுத்துக்கொண்டு, புல்லில் சிதறிக் கிடந்த வெற்று ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அடுத்த முறைக்கு அவை வேண்டும்.

லைல் அவர் அருகே போனார். "எப்படி இருக்க, ஆர்லிஸ்?"

ஆர்லிஸ் நிமிர்ந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"கை வலிக்குது" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லை. லைலும் குனிந்து, பாதி விரலோடு, ஓடு பொறுக்க ஆரம்பித்தார்.