பைபிள் முதல் தாளில் இருந்த 1122

மூன்று வருஷம் முன்பு, ஆடி மழை விடாமல் அடித்த ஒரு வாரம். மலையாளத்து மலையில் இருக்கிற வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வில்லேஜ் ஆபீசில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஐம்பதாம் வருஷத்துக்கு முன்பே உங்கள் குடும்பம் இந்த மண்ணில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்திலேயே கண்ணை மூடியவர்களுக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? "கவர்மென்டு கேக்குற காயிதமெல்லாம் செத்தவங்க மடியிலதாம்ட்டி இருக்கும்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கிற மதினி. சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய பைபிள். என் வீட்டுக்காரரின் தாத்தா எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் அதன் முதல் தாளில், 'பரீட்சை தேறினேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். 1122' என்று மையால் எழுதியிருந்தார். 1122 என்பது அவருடைய பரீட்சை நம்பர் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். அது ராசியான நம்பர் என்று என் வீட்டுக்காரர் லாட்டரிச் சீட்டுகூட அந்த நம்பரில் முடிவதாகப் பார்த்துத்தான் எடுப்பார்.

ஆபீசில் பைபிளைக் காட்டினோம். கையால் எழுதியது செல்லாது என்றார்கள். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர். சர்க்கார் பரீட்சையில் தேறியவர்களின் பெயரை அந்தக் காலத்தில் இந்த மலையை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கெஜட்டில், அதாவது அரசிதழில், அச்சடிப்பார்கள், பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் பாருங்கள் என்று வழி சொன்னார்.

வியாழக்கிழமை, குமுளியில் முதல் பஸ் பிடித்து மேற்கே மலை இறங்கினோம். நூலகத்தில் அரசு வெளியீடுகளுக்கென்றே தனிப் பகுதி. அங்கே பொறுப்பில் இருந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். எந்த வருஷம் என்று கேட்டார். தாத்தா சுதந்திரம் வந்த பிறகுதான் வேலையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டதை வைத்து நாற்பத்தொன்பது, ஐம்பது என்றோம். தலையணை கனத்தில் புத்தகங்கள் வந்தன. தாளைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது.

நானும் மகளும் காலையெல்லாம் 1122-ஐத் தேடினோம். ஒரு பட்டியலில் கிடைத்தது. எதிரே வேறு யாரோ ஒருவர் பெயர். மகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தலைமேல் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே தைரியமில்லை.

சாப்பிடக் கிளம்பிய அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். பைபிளை வாங்கிப் புரட்டினார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வாசிக்க வரும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இது நம்பர் அல்ல சேச்சி, கொல்லவருஷம் ஆணு. எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டி நோக்கு."

அது மலையாளத்து வருஷக் கணக்கு. மகள் போனில் கூட்டினாள். 1947.

அடுத்த அலமாரியில் பழைய கெஜட்டுகள் முதுகில் 1120, 1121 என்று வரிசையாக நின்றன. வருஷத்தைப் போய் நம்பர் என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது. அந்த அம்மா சாப்பாட்டை மறந்து, 1122-ஆம் வருஷத்துப் புத்தகங்களை எடுத்து மேஜையில் வைத்தார்.

மகள் தாத்தாவின் பெயரை இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதித் தந்தாள். எட்டாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷில் எழுத்தைப் பொருத்திப் பார்க்கத்தான் வரும். ஆனால் நாள் முழுக்கக் கூடைக் காயில் ஒரு சொத்தையைக் கண்ணால் பொறுக்குகிற பழக்கம் இருக்கிறதே! அந்தச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக விரலை ஓட்டினேன். மூன்று மணி வாக்கில், எங்கள் மலைப் பகுதியான பீர்மேடு என்ற தலைப்புக்குக் கீழே விரல் நின்றது.

"ஏட்டி, இங்க பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமாம்மா. பூட்டன்தான். அவுங்க அப்பா பேரும் இருக்கு."

அந்த அம்மா அதைப் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோலச் சத்தமாக வாசித்தார். எனக்கு, "இருக்கேன் சார்" என்று எங்கிருந்தோ பதில் வரும்போல இருந்தது. ஜெராக்ஸ் மிஷினில் அழுத்தினால் தாள் கிழியும் என்று கேமராவில் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, பக்க எண் எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் வில்லேஜ் ஆபீசர் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். சாயங்காலம் சான்றிதழ் மகளின் கையில் இருந்தது. அந்த வாரத்தில் அன்று ராத்திரிதான் நான் சோறு ருசித்துத் தின்றேன்.

மகள் இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். வீட்டுக்காரர் இன்னும் 1122-இல் சீட்டு எடுக்கிறார். எங்களுக்கு விழ வேண்டியது அன்றைக்கே விழுந்தாச்சு என்று நான் கேலி செய்வேன். ஆனால் யாரும் கேட்டு வராத ஒரு புத்தகத்தை யாரோ இத்தனை வருஷம் தூசி தட்டி வைத்திருந்தார்களே என்று நினைக்கும்போது, பழைய தாள் எதையாவது கிழிக்கப் போகிற என் கை இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.