மாதிரிக் குப்பியில் ஒரு பென் டிரைவ்

என் மேசை மீது ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது. உப்புத் தொழிற்சாலைகளில் மாதிரி எடுத்து வைக்கும் குப்பி. வெள்ளை மூடி, மூடியைச் சுற்றிப் பழுப்பு நிற டேப். வெளியே ஒட்டிய சீட்டில் கறுப்பு மார்க்கரால், ஒவ்வோர் எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவுக்கு, ‘மாதிரி. பிரிக்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே உப்பு இல்லை. ஒரு பென் டிரைவ் இருக்கிறது. போன மாதம் அக்கா அதை என் கையில் கொடுத்து, “இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்டா” என்றாள். வாங்கிக்கொண்டபோது எனக்குள் ஏதோ ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி, அயோடின் கலந்து பாக்கெட் போடும் ஒரு சிறிய தொழிற்சாலையில் பரிசோதனைக்கூடம் அவள் பொறுப்பு. கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, ஒரு கடப்பைக்கல் மேடை, ஒரு மர அலமாரி, கண்ணாடிக் குடுவைகள், உப்புக் காற்றில் துருவேறிய ஒரு மின்விசிறி, பழைய கணினி ஒன்று. லாட் லாட்டாகப் போகும் உப்பில் அயோடின் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்து அவள் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது. இருபது வருடங்களாக அதையே செய்துகொண்டிருந்தாள்.

அவள் சோதனை செய்வதை நான் பல தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உப்பைக் கரைத்து, அமிலம் விட்டு, இன்னொரு மருந்தையும் விட்டு, குடுவையை மூடி அலமாரிக்குள் இருட்டில் வைத்துவிடுவாள். பத்து நிமிடம் அது அங்கேயே இருக்க வேண்டும். அதுவரை அவள் அசையமாட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு எடுத்து, பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவாள். நடுவில் கஞ்சிப்பசை கொஞ்சம் சேர்த்ததும் கரைசல் நீலமாகும். இன்னும் சில சொட்டுகளில் நீலம் சட்டென்று மறைந்துவிடும். எத்தனை மில்லி இறங்கியது என்று குழாயில் பார்த்து, சுவரில் ஒட்டிய அட்டவணையில் அதற்கு நேராக உள்ள எண்ணைத் தேடினால் அயோடின் அளவு தெரியும்.

அந்த அட்டவணையில்தான் வினை வந்தது. அக்காவுக்குக் கண்ணில் புரை. சர்க்கரை குறைந்தால்தான் அறுவை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரையோ குறைகிற வழியாக இல்லை. ஒரு கோடையில் அவள் அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டாள். அயோடின் குறைவான லாட் ஒன்று நல்ல சான்றிதழோடு போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. முதலாளி எல்லார் முன்னிலையிலும், “ஏம்மா, இன்னொரு லோடு இப்படித் திரும்பி வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்” என்று சொல்லிவிட்டார். அவள் கணவர், எங்கள் மாமா, இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்த காலம் அது. அந்த வீட்டுக்கு அவள் வேலை ஒன்றுதான் சோறு.

நான் அப்போது பெரிய முதலியார்சாவடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கணினி நிரல், அதாவது புரோகிராம், எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய நண்டோடு வந்து நின்றாள். நண்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தாள். “கண்ணு சரியா தெரியலன்னு வெளிய சொல்ல முடியலடா. நீலம் போறது எனக்கு நல்லா தெரியுது. குழாயக் கூட பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சிடறேன். அந்த அட்டவணைதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. நீ கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதறியே, எனக்கு ஒண்ணு எழுதிக் குடுடா” என்றாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவுதானா, அரை நாள் வேலை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

நிரல் எழுதியது உண்மையில் அரை நாள்தான். பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதினேன். திரையில் ஒரு பெரிய கட்டம். அதில் குழாயின் அளவை அடித்தால் போதும். விடை உள்ளங்கை அகலத்துக்கு வரும். போதுமான அளவு இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் சான்றிதழ் அச்சாகும். என் மடிக்கணினியில் அது குதிரை போல ஓடியது. ஆனால் அக்காவின் கணினியில் பைத்தான் இல்லை, இணையமும் இல்லை. அதை நிறுவி, கறுப்பு ஜன்னலைத் திறந்து, கட்டளை அடிப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். பாதியிலேயே, “இந்தக் கறுப்பு ஜன்னல் எல்லாம் எனக்கு வாணாம்டா. தொட்டா தொறக்கணும்” என்றாள்.

தொட்டால் திறக்க வேண்டும் என்றால், பைத்தானையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் நிரலோடு சேர்த்து மூட்டை கட்டித் தர வேண்டும். அதற்குக் கருவி இருக்கிறது. கட்டினேன். ஓர் உறை, அதாவது ஃபோல்டர், வந்தது. அதற்குள் அவள் தொட வேண்டிய ஒரு கோப்பு, அதைச் சுற்றி வாயில் நுழையாத பெயர்களோடு இன்னும் எத்தனையோ கோப்புகள். பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, உறையை அப்படியே கணினியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே போன். “தொறக்கலடா. என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது.” நான் சொன்னபடி செய்தாயா என்றேன். செய்தேன் என்றாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றும் வந்தது. “ஒரு ஃபோல்டர காப்பி பண்றதுல என்னக்கா கஷ்டம், சின்னப் புள்ளைங்க செய்யுது” என்று கத்திவிட்டேன். “சரி, நான் அட்டவணையவே பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. உடனே வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், கணினியில் அந்த ஒரு கோப்பு மட்டும் தன்னந்தனியாக நிற்கிறது. மற்றவற்றைக் காணோம். பென் டிரைவிலும் காணோம். “எங்கக்கா மத்ததெல்லாம்?” என்றேன். அவள் குற்றம் செய்தவள் போல இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: “அதெல்லாம் நான் எடுத்துட்டேன்டா. நீ தொடச் சொன்னது இது ஒண்ணைத்தான? இதுதான் உப்பு, மத்ததெல்லாம் அடிமண்ணு போலன்னு நெனச்சேன்.”

உப்பளத்தில் வாருபவர்களுக்கு அதுதான் முதல் பாடம். வாரும் பலகை அடியில் பட்டால் மண் கலந்துவிடும். மேலாக வார வேண்டும். கறுப்புப் புள்ளி உள்ள உப்பு வந்தால் அக்கா அந்த மூட்டையையே தள்ளி வைப்பாள். இருபது வருடங்களாக நல்லதை வைத்துக்கொண்டு அழுக்கை நீக்கியே பழகிய கை, என் உறையையும் சுத்தம் செய்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “போடா, உன் வாய் எனக்குத் தெரியாதா” என்றாள். வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. தப்பு அவளுடையது இல்லை. அவள் கேட்டது பாக்கெட். நான் உப்புப் பாத்தியையே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்துக் கட்டவும் வழி உண்டு. ஆனால் என் புதிய கணினியில் கட்டியது அவளுடைய பழைய கணினியில் ஓடவில்லை. அதே வயதுள்ள கணினி ஒன்றில் வைத்துக் கட்டுவதே நல்லது என்று தேடினேன். கூனிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாயிடம் ஒன்று இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், “உக்காருங்க தம்பி. அது எனக்கே சில நாள் ஓடாது. உங்களுக்கு ஓடும், இன்ஷா அல்லாஹ்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அது ஓடியது. மதியத்துக்குள் ஒற்றைக் கோப்பு கையில் வந்துவிட்டது. அவர் டீ வாங்கிக் கொடுத்தாரே தவிர, என்னிடம் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது திறந்தது, ஆனால் மெதுவாகத் திறந்தது. உள்ளே அடைத்ததையெல்லாம் ஒவ்வொரு தடவையும் பிரித்து வைத்துவிட்டுத்தான் அது எழுந்திருக்கும். அதற்குள் அக்கா ஆறு தடவை தட்டிவிடுவாள். ஆறு ஜன்னல்கள் வரிசையாக வந்து நிற்கும். எனவே, தட்டியதும் திரையில் ஒரு சின்ன அறிவிப்புப் பலகை முதலில் வரும்படி செய்து, அதில் ‘கொஞ்சம் பொறுங்க அக்கா’ என்று எழுதினேன். “அய்யோ, மொதலாளி பாத்தா என்னடா நெனைப்பாரு, அக்கான்றத எடுத்துடு” என்றாள். எடுக்கவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டவளுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிக்கொண்டாள்: “ஓ, இது இருட்டுல இருக்கற நேரமா? அப்ப சரி.” அன்றிலிருந்து ஒரு தடவை தட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்வாள்.

கிளம்பும்போது, “இன்னொரு பென் டிரைவ்ல போட்டுக் குடு. ஒண்ணு புழங்கறதுக்கு, ஒண்ணு மாதிரிக்கு” என்றாள். அங்கே ஒவ்வொரு லாட்டிலும் ஒரு குப்பி எடுத்து, சீல் வைத்து, அலமாரியில் வைப்பார்கள். அந்த லாட் விற்றுத் தீரும் வரை அதைத் தொடக் கூடாது. நாளைக்கு யாராவது குறை சொன்னால் பிரித்துப் பார்ப்பதற்கு. புரோகிராமுக்கு எதற்கு அக்கா மாதிரி என்று கேலி செய்துகொண்டே போட்டுக் கொடுத்தேன். அவள் குப்பியில் இட்டு, டேப் சுற்றி, சீட்டு ஒட்டி உள்ளே வைத்தாள்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கப் போகிற நேரம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலையாகப் போயிருந்தேன். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் அது. பிற்பகலில் வெளியே வந்து பார்த்தால் அக்காவிடமிருந்து பதினேழு அழைப்புகள். என்ன நடந்திருக்கும் என்று உடனே ஊகித்துவிட்டேன். ஒற்றைக் கோப்பாகக் கட்டிய நிரல்களை வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் திருடனைப் போலச் சந்தேகப்படும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவளிடம் சொல்லி வைக்கவில்லை. அவளைத் திருப்பி அழைத்தேன். மணி அடிக்க அடிக்க, அவள் வேலை போய்விட்டது, நான்தான் கெடுத்தேன் என்றே மனம் அடித்துக்கொண்டது.

எடுத்தாள். வாயில் சோறு. “சாப்ட்டியாடா?” என்றாள். அந்த ஒரு வார்த்தை என் வயிற்றில் பாலை வார்த்தது. அப்படியே மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் திண்டிவனத்திலிருந்து கணினி பழுது பார்க்கிறவர் வந்து புதிதாக ஏதோ தடுப்பு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா தட்டினால் நிரல் இல்லை. புழங்கும் பென் டிரைவைச் செருகினாள். கண் முன்னால் அதிலிருந்ததும் மறைந்தது. வெளியே லாரி நிற்கிறது, கடல் பக்கம் கருத்துக்கொண்டு வருகிறது, முதலாளி வாசலில் நின்று, “மழைக்கு முன்ன வண்டி போவணும். பழையபடி அட்டவணையப் பாத்துப் போட்டுக் குடும்மா” என்கிறார். அக்கா குப்பியை எடுத்து டேப்பைக் கிழித்தாள். ஆனால் அதைத் தன் கணினியில் செருகவில்லை. லாரிகளை எடை போடும் எடைமேடை அறைக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே இருந்த கணினியில் செருகினாள். பழுது பார்க்கிறவர் அதைத் தொட்டிருக்கவில்லை.

“உனக்கு எப்படிக்கா தோணுச்சு?” என்றேன். என் தொழிலில் பல பேருக்குத் தோன்றாதது அது. “இதுல என்னடா இருக்குது? சந்தேகம் வந்த குடுவைல மாதிரிய ஊத்துவாங்களா? வேற குடுவைலதான பாக்கணும்” என்றாள். அதோடும் விடவில்லை. நேற்றைய லாட்டின் அளவை முதலில் அடித்து, நேற்று அச்சிட்ட விடையே வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். வந்தது. அதன் பிறகுதான் அன்றைய அளவை அடித்தாள். சிவப்பு.

முதலாளி, “மெஷின் மாறுச்சில்ல, அதான் தப்பா காட்டுது. கையெழுத்தப் போடும்மா” என்றாராம். அக்கா, “போட முடியாதுங்க. இன்னொரு தடவை சோதிக்கறேன், பத்து நிமிஷம் குடுங்க” என்று மறுபடியும் உப்பைக் கரைத்து, குடுவையை இருட்டில் வைத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் சிவப்பு. அயோடின் தெளிக்கும் குழாயைப் போய்ப் பார்த்தால், முனையில் உப்பு உறைந்து பாதி அடைத்திருந்தது. அதைக் குத்திவிட்டு, மறுபடி தெளித்து, கலந்து, சோதித்தார்கள். பச்சை. முதல் தூறல் விழும்போது லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிவிட்டது. “அந்த லோடு மட்டும் அப்படியே போயிருந்தா நாம தொலைஞ்சோம்மா” என்று முதலாளி சொன்னாராம். அவர் ‘நாம’ என்று சொன்னதை அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரமே போய், அவள் கணினியின் தடுப்பு மென்பொருளிடம் இந்த நிரல் நம்ம ஆள் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். குப்பிக்கும் புது டேப். போன வருடம் சர்க்கரை ஒருவழியாக இறங்கி, கண்ணில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று சுவரில் இருந்த காலண்டரில் ராகு காலத்தைப் படித்துக் காட்டினாள். இப்போது அட்டவணை தெளிவாகத் தெரிகிறதாம். “மொதல்ல நான் பாத்துக்கறேன். அப்புறம் அதைக் கேக்கறேன். இதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பதில்தான் சொல்றோம். இனிமே மாதிரின்னா என் கண்ணுதான்டா” என்றாள், குப்பியைக் கொடுத்தபோது.

நேற்று காலை டேப்பைப் பிரித்து, பென் டிரைவை என் கணினியில் செருகி, அந்தக் கோப்பைத் தட்டினேன். பலகைகூட உடனே வரவில்லை. என் பொறுமை தெரிந்ததுதானே, மறுபடியும் தட்டிவிட்டேன். சிறிது நேரத்தில் இரண்டு பலகைகள், ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நின்றன: கொஞ்சம் பொறுங்க அக்கா, கொஞ்சம் பொறுங்க அக்கா. சுட்டியை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.