மார்பைக் கடக்காத கதிர்

எண்பதுகளின் தொடக்கத்தில், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்கும் வேலையில் இருந்தேன். மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே வீச்சில் அழுத்தம் குறைந்த வாயுவுக்குள் பாய்ச்சுவோம். வாயு பிளாஸ்மாவாகி, ஊசியளவுக்கு இறுகும். அப்போது கருவியின் செம்பு முனையிலிருந்து கதிர்கள் கிளம்பும். கண நேரந்தான் என்றாலும் மிகச் செறிவானவை. ஏறத்தாழ எல்லாம் ஒரே ஆற்றலுடையவை. அதனால் மெல்லிய பொருள்களின் படம் கலங்கலின்றி விழும். அப்படி எடுத்த ஒரு பூவரச இலையின் படத்தை விடுமுறையில் எங்கள் ஊரான பாகூருக்குக் கொண்டுவந்தேன். அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டு அத்தை கணவரோடு எங்கள் தோட்டத்துப் பக்கமாக வந்தார். மாமா பஞ்சாலைத் தொழிலாளி, மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்டி. பொண்ணுக்கு இப்பதான் பரிசம் போட்டிருக்கு. நெஞ்சுச் சீக்குன்னு காதுல வுழுந்தா அவங்க இந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க. நீயே ஒரு படம் புடிச்சுச் சொல்லிடேன்" என்றார் அத்தை.

கருவி இங்கே இல்லை என்றேன். இருந்தாலும் அந்தக் கதிர்கள் இலையை, வண்டின் சிறகைக் கடக்குமே தவிர, மனித மார்பின் தசையிலேயே நின்றுவிடும் என்றும் சொன்னேன்.

மாமா சிரித்தார். "அப்போ இம்மாம் படிப்பும் எலைக்குத்தானா?"

"சும்மா இருய்யா" என்றார் அத்தை.

என் முகம் எரிந்தது. 'கதிர்ப்படம் எடுப்பதற்கு' என்று அறிக்கைகளில் எத்தனையோ முறை எழுதியிருந்தும், இருமுகிற ஒரு மார்பை நான் நினைத்துப் பார்த்ததேயில்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்கு வருகிறேன் என்று சொன்னது அந்தக் கூச்சத்தில்தான்.

எக்ஸ்ரே அறைக்கு முன்னால் வரிசையில் நின்றபோது, எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெண் யாரையோ பார்க்க அந்த வழியாக வந்தாள்.

"இன்னா, மூணு பேரா நிக்கிறீங்க? யாருக்கு?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை என் தோளில் கைவைத்தார். "இதுக்குத்தான். வடக்கத்தித் தண்ணி ஒத்துக்கல. ஒரே இருமல். தொணைக்கு வந்தோம்."

நான் இருமினேன். எனக்கே பொய்யாகக் கேட்டது. ஆனால் அவள் ஓரடி பின்வாங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "படிச்சு இன்னா பண்றது, ஒடம்பப் பாத்துக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமாவுக்குக் காசநோய்தான். யாருக்கும் தெரியாமல் ஊசியும் மாத்திரையும் தொடங்கின. ஊரில் நெஞ்சுச் சீக்குக்காரி என்று என் பெயர்தான் அடிபட்டது. இந்தப் பழியை நான் ஏற்றுக்கொண்ட கோபத்தில் அம்மா என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

திருமணம் நின்றுபோகவில்லை. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. அத்தை மட்டும் என்னிடம் ஒரு தனிக் கண்ணாடிக் கிளாஸை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் வேறென்ன செய்ய முடியும்? உண்மையை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றும் குன்றிப்போகிறேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாஸ் விளிம்புவரை நிறைந்திருந்தது. காப்பி சிந்திவிடுமோ என்று நான் சட்டென்று வாங்கிக்கொண்டேன்.