ஒரு நிமிட வீடியோவும் பதினோராம் வகுப்பும்

செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுப்பது சுலபமான வேலைதான். பிள்ளைகள் நிஜமாகவே கற்றுக்கொள்ளும் வரை. பதினாறு வருஷம் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பி, இங்கே ஒரு தனியார் பள்ளியில் வாரம் இரண்டு பீரியட் ‘நடப்புச் செய்தி’ எடுக்கிறேன். உங்களில் யாராவது இந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், கைகொடுங்கள். புத்தகம் கிடையாது, கேள்வித்தாள் கிடையாது, நேற்று எடுத்த பாடம் இன்றைக்கு மாறியிருக்கும்.

ஒரே வண்டி, மூன்று பெயர்

ஒரே செய்தியை மூன்று இடங்களிலிருந்து எடுத்து வரச் சொல்லியிருந்தேன். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் போடும் தள்ளுவண்டிக் கடைகளுக்கு இனிமேல் கட்டுப்பாடு என்பது செய்தி. தமிழ்ப் பேப்பர் ‘சாலையோர வியாபாரிகள்’ என்றது. இங்கிலீஷ் பேப்பருக்கு அவர்களே ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று ‘மலையை விழுங்கும் கும்பல்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. சுண்டலும் வேர்க்கடலையும் விற்கிறவர்கள் மலையை எப்படி விழுங்குவார்கள் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

பெயர் வைப்பதிலேயே ஒரு சாய்வு இருக்கிறது, யாரைப் பேசவிட்டார்கள், யாரை விடவில்லை என்றும் பாருங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கோகுல் எழுந்தான். வாயாடி, ஆனால் கண் கூர்மை.

“மிஸ், மூணுலயும் கடைக்காரங்க ஒருத்தர்கூட வாயத் தொறக்கலயே, அன்னிக்கு அவங்கல்லாம் லீவா?”

நான் வைத்த தப்பு டிக்

அந்தச் சேனலின் வீடியோ ஒரு நிமிடம்தான் ஓடும். போன பௌர்ணமிக் கூட்டம் நடந்து வருகிறது. அவர்களுக்கு வலது கைப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. மலையே படத்தில் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தேவையும் இல்லை. மலையை வலது பக்கம் வைத்துத்தான் எல்லோரும் சுற்றுவோம். வண்டி வலது பக்கம் என்றால் மலைப் பக்கம். மலைப் பக்கம் கடை போடக் கூடாது. அப்படிப் போட்டவர்களுக்கு அடுத்த பௌர்ணமிக்கு அனுமதிச் சீட்டு இல்லை என்று இந்த வீடியோவை வைத்தே அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

மலர்விழி, கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவள். “அது எங்கம்மா வண்டி மிஸ்” என்றாள். எதிர்ப்பக்கம்தான் போட்டார்களாம், கூடவே இருந்தாளாம், சீட்டை நிறுத்திவிட்டார்களாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘தன் வீட்டுச் சாய்வு’ என்று போர்டில் எழுதி, இதுதான் நல்ல உதாரணம் என்று பக்கத்தில் டிக் போட்டேன். பிள்ளை முகம் சுருங்கிவிட்டது.

“கேமராவுக்கு மட்டும் வீடு இல்லயா மிஸ்?”

முந்தானை

அந்தக் கேள்வி என் வீடு வரை கூடவே வந்தது. மறு வகுப்பில் லேப்டாப்பை ஸ்மார்ட் போர்டில் இணைத்து அதே வீடியோவை ஓடவிட்டேன். ஒரு தடவை, மூன்று தடவை, எட்டு தடவை. கடைப் பலகையையெல்லாம் சேனலின் சிவப்பு எழுத்து மறைத்திருந்தது. ஒன்பதாவது தடவை கோகுல் பெஞ்சைத் தட்டினான். “நிறுத்துங்க மிஸ்! எல்லா அம்மாவும் முந்தானைய சோத்துக்கைத் தோள்ல போட்டிருக்காங்க!”

உற்றுப் பார்த்தால், ஆமாம்! வருகிற புடவை அத்தனையும் வலது தோளில். ஆண்களின் சட்டைப் பாக்கெட்டும் வலது பக்கம். யாரோ எடுத்த வீடியோவைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்! லேப்டாப்பில் அதை மறுபடி திருப்பினேன். முந்தானைகள் இடது தோளுக்கு வந்தன. மலரின் அம்மா வண்டி நடக்கிறவர்களுக்கு இடது பக்கம், மலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது. முதலில் ஓடிப்போய், போர்டின் ஓரத்தில் இன்னும் அழியாமல் இருந்த அந்த டிக்கை அழித்தேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார்.

“மேடம், இங்க பாடம் நடக்குதா, கல்யாணம் நடக்குதா?”

யார் பக்கம்?

சேனல் போட்ட படத்தையும் நாங்கள் திருப்பிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, அனுமதிச் சீட்டு கொடுக்கும் அதிகாரிக்கு ஒரு பக்க அறிக்கை எழுதினோம். கோகுலின் முதல் வரி, ‘சதிகாரச் சேனல்’. சதி என்று உனக்கு எப்படித் தெரியும், அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போட்டது தெரியக் கூடாது என்றுகூடத் திருப்பியிருக்கலாமே என்றேன். முனகிக்கொண்டே அந்த வரியை அடித்தான்.

மலர்விழி பேனாவை வாங்கிக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘வண்டிக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் நடைபாதையில் இருந்தது உண்மை.’ கோகுலுக்கு வந்ததே கோபம். “ஏய், நீ யார் பக்கம்? உங்கம்மா கடைதானே அது? சீட்டு போச்சுன்னா அழக் கூடாது!” அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஸ்டூலு வீடியோவுலயே தெரியுதுடா. ஆபீசருக்குக் கண்ணு இருக்குமில்ல?”

வெள்ளிக்கிழமை

மலர், அவள் அம்மா செல்வி, நான் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். பௌர்ணமிக்கு நாலு நாள்தான் இருந்தது. அதிகாரி படங்களைப் பார்த்தார். போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். செல்வியின் தோளைப் பார்த்தார். தன் சட்டைப் பாக்கெட்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பரீட்சை எழுதினது நான்தான் என்பது மாதிரி அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். “ஸ்டூல் விஷயத்த யார் எழுதினது?” மலர் கையைத் தூக்கினாள். அவர் சிரித்தபடி சீட்டில் கையெழுத்துப் போட்டு, கீழே ‘ஸ்டூல் கூடாது’ என்று எழுதி நீட்டினார்.

வெளியே வந்ததும் செல்வி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கீழே எழுதியிருந்ததை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தக் கேமராவும் திருப்பிப் போட முடியாது.

“பெத்த பொண்ணே ஸ்டூல போட்டுக் குடுத்துட்டாளே மேடம், இனிமே வர்றவங்க நின்னுனுதான் துன்னணும்!”

மறுவாரம் பிள்ளைகள் ஆராய எடுத்துக்கொண்ட செய்தி, ‘மாவட்டத்திலேயே சிறந்த பள்ளி’ என்று எங்கள் பள்ளியே கொடுத்திருந்த விளம்பரம் என்பதால், இந்த வேலையில் எனக்கு இன்னும் எத்தனை பௌர்ணமி என்பதை நடுநிலையோடு சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.