ஐறீனுக்கு வேண்டிய நித்திரை

ஐறீனின் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இன்சுலின் குப்பி உருண்டுகொண்டிருந்தது. கலங்கல் மருந்து, குலுக்கக் கூடாது, உருட்டித்தான் கலக்க வேண்டும். இருபது தரம் உருட்டி, ரப்பர் மூடியைத் துடைத்து, ஊசியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இன்று காலை ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றா?

குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்ததும் நினைவிருந்தன. அவை இன்றைக்கா நேற்றைக்கா என்பதுதான் தெரியவில்லை. மருந்து விவரம் எழுதும் கொப்பியைத் திறந்து பார்த்தாள். இன்றைய வரியில் சீனி 212 என்று அவளுடைய கையெழுத்தில் இருந்தது. ஊசிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அதை நம்ப முடியாது. நேற்றும் போட்டுவிட்டு மத்தியானம்தான் எழுதினாள். பாவித்த ஊசிகளைப் போடும் பேணிக்குள் ஒரு கிழமை ஊசிகள் கிடந்தன.

கட்டிலில் நேசமலர் சாய்ந்திருந்தார். எண்பத்தொரு வயது, தபால் கந்தோரில் முப்பது வருட வேலை, இப்போது இடது கால் இயங்காது.

"அன்ரி, இன்டைக்கு ஊசி போட்டேனா?"

"ஆர் கண்டது? வயிறு முழுக்கக் குத்திக் குத்திக் கிண்டின தோட்டம் மாதிரிக் கிடக்கு. இதில புதுசு எது, பழசு எது எண்டு நான் தடவிப் பாக்கிறதோ?"

ஐறீன் ஊசியை மூடி வைத்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கணவர் றேமண்ட் துறைமுகத்தில் வேலை செய்தார். ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, மாரடைப்பு. அதன் பிறகு நாற்பது வயதில் ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். பன்னிரண்டு வருடம், ஏழு வீடுகள். எந்த வீட்டிலும் மருந்து கொடுப்பதில் பிழை விட்டதில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இன்னும் காதில் இருந்தது: சந்தேகம் என்றால் போடாதே. ஒரு வேளை தவறினால் சீனி ஏறும், பார்த்துச் சரி செய்ய நேரம் இருக்கும். இரண்டு தரம் போனால் அந்த நேரம் இருக்காது.

நோயாளியின் நித்திரையையும் கவனிக்கச் சொல்லித் தந்தார்கள். நித்திரை குறைந்தால் சீனி இறங்காது, பிரசர் ஏறும், புண் ஆறப் பிந்தும், நடை தடுமாறும், மறதி வரும். பார்ப்பவளின் நித்திரையைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

அவளுடைய நித்திரை போனது சித்திரை மாதத்தில். நேசமலரின் மகன் சுகிர்தன் ரொறன்ரோவிலிருந்து வந்து, இந்த வெள்ளவத்தை வீட்டில் மூன்று கமராக்கள் பொருத்திவிட்டுப் போனான். தாயின் மேல் உயிர். கட்டிலில் ஏதாவது அசைந்தால் அங்கே அவனுடைய போன் சத்தம் போடும். இங்கே நடுச்சாமம் என்றால் அங்கே பட்டப்பகல். அவன் கந்தோரில் முழித்திருப்பான். உடனே ஐறீனுக்குப் போன் அடிப்பான். "அக்கா, அம்மா எழும்புறா போல கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ." போய்ப் பார்த்தால் நேசமலர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். இரவில் நாலு தரம், ஐந்து தரம்.

முன்பெல்லாம் மத்தியானம் நேசமலர் உறங்கும்போது ஐறீனும் கதிரையில் கண்ணை மூடுவாள். இரண்டு கிழமைக்கு முன் அதற்கும் ஒரு அழைப்பு வந்தது. "அக்கா, நேற்று ரெண்டு மணிக்கு நீங்கள் நித்திரை. குறையா நினைக்காதேங்கோ, அதுக்குத்தானே ஆள் வைச்சிருக்கிறம்." அன்றிலிருந்து கதிரையில் முதுகு சாய்ப்பதையே விட்டுவிட்டாள். தலைக்குள் பஞ்சு அடைத்தது போலத்தான் இந்த இரண்டு கிழமையும் போனது. சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். நேசமலர் மேல் இரண்டு தரம் சள்ளென்று எரிந்து விழுந்தாள்.

இப்போது ஊசி போட்டதா இல்லையா என்று சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது சுவரில் இருந்தது. அதைக் கேட்பதென்றால் சுகிர்தனைக் கேட்க வேண்டும். கேட்டால் வேலை போகும்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள். ஊசி ஏற்கெனவே போயிருந்தால் சாப்பாடு பிந்தக் கூடாது. இடியப்பத்தையும் சொதியையும் நேசமலருக்கு முன்னால் வைத்து, குளுக்கோஸ் பேணியை எடுத்துக் கிட்ட வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். மணி ஏழு பத்து; அங்கே முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கிட்ட.

"என்னக்கா, அம்மாக்கு என்ன?"

"அம்மா சாப்பிடுறாங்க. தம்பி, கமராவத் திருப்பிப் பாருங்க. காலையில நான் ஊசி போட்டேனா இல்லையான்னு சொல்லுங்க. எனக்கு ஞாபகம் இல்ல."



"ஞாபகம் இல்லையோ?"

"இல்ல. முதல்ல பாத்துச் சொல்லுங்க. ஏச்சு பிறகு."

நாலு நிமிடம் ஆனது. நேசமலர் இரண்டாவது இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தனின் குரல் திரும்பி வந்தபோது தணிந்திருந்தது.

"போட்டிருக்கிறீங்கள். ஆறு நாற்பத்திரண்டுக்கு. போட்டிட்டு யன்னலடியில போய் நிண்டனீங்கள். சுவரில தலைய வைச்சுக்கொண்டு, கண்ண மூடிக்கொண்டு. எட்டு நிமிசம். அக்கா, நீங்கள் நிண்டபடியே நித்திரை."

ஐறீன் கதிரையில் இருந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த குப்பியைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிடம் யோசிக்காமல் இருந்திருந்தால் அது இரண்டாவது தரம் போயிருக்கும்.

"இது சரிவராது அக்கா. நான் வேற ஆள் பாக்கோணும்."

"பாருங்க. தப்பு என்னுடையதுதான். ஆனா வாற ஆளையும் ராவில இப்படி எழுப்பினா அவளும் இதையே செய்வா. நேத்து ராவு மட்டும் ஆறு தரம் கூப்பிட்டீங்க. போன்ல இருக்கு, பாருங்க."

"நான் அம்மாக்காகத்தானே..."

"அம்மாவும் ஆறு தரம் முழிச்சாங்க. காலையில சீனி இருநூத்திப் பன்னிரண்டு. சித்திரைக்கு முன்னாடி நூத்தி அறுவதத் தாண்டினதில்ல, கொப்பியப் படம் எடுத்து அனுப்புறேன். எல்லாம் நித்திரை இல்லாததாலதான்னு சொல்லல்ல. அதுவும் சேர்த்துத்தான்."

நேசமலர் கையை நீட்டிப் போனை வாங்கினார். விரலில் சொதி.

"டேய், நான் கட்டில்ல பிரளுறதுக்கும் உன்னட்டப் பெர்மிசன் எடுக்கோணுமோ? மூத்திரம் வந்தா மணி அடிப்பன், அவள் வருவாள். உன்ர போன் அடிச்சா எனக்கு மூத்திரமும் வராது, நித்திரையும் வராது. வேற ஆளும் வேண்டாம். அந்தக் கண்ணை மூடு."

"பிறகு நீங்கள் விழுந்தா அம்மா?"

"நித்திரை இல்லாத ஒருத்தி தூக்கிப் பிடிக்கேக்கதான் விழுவன்."

சுகிர்தன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் கதைத்தான். தன்னுடைய பயத்தைச் சொன்னான்: அப்பா போனபோது பக்கத்தில் இல்லாமல் போனதைச் சொன்னான். ஐறீன் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆறுதல் சொல்ல அவளிடம் தென்பு இல்லை. கடைசியில் ஒரு கிழமை பார்ப்போம் என்றான். இரவு பத்திலிருந்து காலை ஐந்தரை வரை கமராவின் அறிவிப்பு நிற்கும். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் அவள் படுக்கலாம். வேறு ஆள் தேடுவதைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

அன்றும் அவள் பகலெல்லாம் இழுபட்டாள். மத்தியானம் படுத்தும் நித்திரை வரவில்லை. போன் அடிக்கிற மாதிரியே இருந்தது. இரவு பத்தரைக்குப் படுத்தாள். இரண்டு மணிக்கு மணி அடித்தது. நேசமலரைக் கழிவறைக்குக் கூட்டிப் போய், திரும்பக் கிடத்திவிட்டு, தானும் படுத்தாள். அடுத்துக் கேட்டது விடியற்காலைக் கரையோர ரயில்.

காலையில் சீனி 188. பெரிய இறக்கம் இல்லை. ஐறீன் ஊசி போட்டு, போட்ட கையோடு நேரத்தை எழுதினாள். சாப்பாடு முடிந்ததும் வெந்நீர் வைத்தாள். மூன்று கிழமையாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போன வேலை ஒன்று இருந்தது. நேசமலரைக் குளியலறைக் கதிரையில் இருத்தி, தோளில் துவாய் போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்து, இரண்டு தரம் ஷாம்பூ போட்டு முழுக வார்த்தாள்.

"மெதுவா பிள்ளை, தலை கழண்டு வந்திடும்."

"கழண்டா மாட்டி விடுறேன் அன்ரி. கண்ண மூடுங்க."

பிறகு பல்கனியில் இருத்தி, ஈரம் போகத் துவட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள்.